முசியே, கோட்டையைக் காலி பண்ணுங்க!

உளுந்தூர்பேட்டையில் ஏறி, சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால், எலவனாசூர்கோட்டை தாண்டியதும் கண்ணை மூடிவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் தியாகதுருகம் வரும். ஊரின் தலைமாட்டில் ஒரு கல்மலை உட்கார்ந்திருக்கும். "அது என்னங்க மலை?" என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேளுங்கள். "திப்பு சுல்தான் கோட்டைங்க" என்பார், டிக்கெட் மடித்த கையை நெற்றிக்குக் குடைபிடித்துக்கொண்டு.

தமிழ்நாட்டில் இது ஒரு பட்டா முறை. யார் கட்டினார்கள் என்று தெரியாத கோட்டையெல்லாம் திப்பு சுல்தானுக்கு. யார் குடைந்தார்கள் என்று தெரியாத குகையெல்லாம் பஞ்ச பாண்டவருக்கு. மிச்சமிருக்கிற சுரங்கப்பாதை அத்தனையும் செஞ்சிக்குப் போகிறது.

தியாகதுருகத்தின் விஷயத்தில் இந்தப் பட்டா கொஞ்சம் தமாஷ். திப்பு 1790 கடைசியில் இங்கே வந்தார், இரண்டு தடவை மோதிப் பார்த்தார், போய்விட்டார். வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர் பெயரிலேயே வீட்டைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். அவருக்கு முன்னால் உள்ளே குடித்தனம் நடத்தியவர்களை எல்லாம் மறந்துவிட்டோம். அதிலும் முக்கியமான ஒரு குடித்தனக்காரர், பிரெஞ்சுக்காரர், அதாவது முசியே. அவரைக் காலி பண்ண வைக்க 65 நாள் ஆனது.

போன கோடை லீவில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு அந்த மலையில் ஏறினேன். பட்டணத்துப் பையன். கையில் ஆஸ்டரிக்ஸ் படக்கதை. ரோமாபுரிப் படைக்கு அடங்காத ஒரே ஒரு கோல் கிராமத்தின் கதை. பாதி மலையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, தண்ணி."

கொண்டுவந்தது ஒரே ஒரு பாட்டில். அதை அடிவாரத்திலேயே அவன் காலி பண்ணியிருந்தான்.

"இல்லடா. மேல சுனை இருக்கு, ஆனா அது ஆட்டுக்குத்தான் சரி."

"அப்ப இந்தக் கோட்டைல இருந்தவங்க எப்டி இருந்தாங்க?"

நல்ல கேள்வி. மலைக்கோட்டைச் சண்டை முழுக்கவே இந்த ஒரு கேள்விதான். கி.மு. 51-இல் கோல் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில், உக்ஸெல்லோதூனம் என்று ஒரு மலையூர். ஜூலியஸ் சீசர் முந்தின வருஷம்தான் அலேசியாவைச் சுற்றி இரண்டு வளையமாகச் சுவர் கட்டி, வெர்சிங்கெடோரிக்ஸ் என்ற கோல் தலைவரைப் பட்டினி போட்டுப் பிடித்திருந்தார். ஊருக்குள் கஞ்சிக்கு வழியில்லை என்று வெளியே தள்ளிவிடப்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் சீசரும் ஏற்கவில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவில் கிடந்து செத்தார்கள். அதோடு கதை முடிந்தது என்று சீசர் நினைத்தபோது, இந்த உக்ஸெல்லோதூனம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளே தானியம் ஏராளம். பாறை செங்குத்து. சீசர் பார்த்தார், ஊர் ஒரே ஒரு ஊற்றை நம்பி இருக்கிறது. எதிரே கோபுரம் கட்டி, ஊற்றுக்கு வருகிறவர்கள் மேல் அம்பு விட்டார். அடியில் சுரங்கம் வெட்டி ஊற்றின் நீர்வழியையே திருப்பிவிட்டார். காலையில் ஊற்று வற்றியிருந்தது. சாமி கோபித்துக்கொண்டது என்று கோல்காரர்கள் சரணடைந்தார்கள். ஆயுதம் எடுத்த அத்தனை பேருடைய கையையும் சீசர் வெட்டினார். இதே சீசரைப் பெரிய எழுத்தாளர் என்றும் கொண்டாடுகிறார்கள். தன்னைப் பற்றி எழுதும்போதுகூட "நான்" என்று எழுதமாட்டார், "சீசர்" என்றே எழுதுவார். மேடையில் ஏறி "இந்த ஏழுமலை சும்மா இருக்கமாட்டான்" என்று தன் பெயரைத் தானே சொல்லும் ஆட்களை நமக்குத் தெரியாதா என்ன.

"நம்ம ஊர்ல இந்த மாதிரி எதாவது நடந்துருக்கா மாமா?"

"நடந்துச்சுடா. அதுவும் அதே ஆளுங்கதான் வந்தாங்க."

சும்மா சொல்லவில்லை. சீசர் அடித்த கோல்காரர்களின் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர்கள். பிரிட்டன்காரர்களும் அப்புறம் 400 வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அதே ரோமாபுரிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்கள்தான். ஒரே வாத்தியாரிடம் பிரம்படி வாங்கிய இரண்டு பையன்கள், வளர்ந்து பெரியவர்களாகி, கப்பலேறி, ஆறேழு மாதம் கடலில் வாந்தியெடுத்து, கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் வந்து கட்டிப்புரண்டார்கள்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் லாலி. அவருடைய அப்பா அயர்லாந்துக்காரர். ஆங்கிலேயப் படைக்குத் தலைவர் அயர் கூட். அவரும் அயர்லாந்தில் பிறந்தவர். 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் இந்த இரண்டு பேரும் மோதியதில் லாலி தோற்றார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த சண்டை என்று புத்தகம் சொல்கிறது. பங்காளிச் சண்டை என்றால் நமக்குச் சட்டென்று புரியும்.

சரி, இத்தனை பெரிய மனிதர்களுக்குத் தியாகதுருகத்தில் என்ன வேலை? மலை உச்சியில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும். வடக்குப் பக்கம் கல்வராயன் மலை, தெற்குப் பக்கம் பச்சைமலை. நடுவில் சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்துக்குப் போகிற வாசல். மைசூரிலிருந்து குதிரைப்படை கீழே இறங்கிக் கடற்கரைக்குப் போக வேண்டுமா, இந்த வாசல்தான் வசதி. வாசலில் யார் திண்ணை போட்டு உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் சுங்கம் வாங்கலாம், தானியம் சேர்க்கலாம், போகிறவன் வருகிறவன் மாட்டை எண்ணலாம். தியாகதுருகம் அந்தத் திண்ணை.

முதலில் அங்கே ஆற்காட்டு நவாப் சார்பில் கிருஷ்ணராவ் என்று ஒரு கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், இருந்தார். பிறகு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. வந்தவாசியில் உதை வாங்கிய லாலி, புதுச்சேரிக்குள் ஒடுங்கிக்கொண்டு உதவிக்கு ஆள் தேடினார். கிடைத்தவர் மைசூரில் தலையெடுத்துக்கொண்டிருந்த ஹைதர் அலி. நடுவில் பேச்சுவார்த்தைக்குப் போனவர் நொரோஞா என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். அவருக்கு ஹாலிகர்னாசஸ் நகரத்தின் பிஷப் என்று பட்டம். ஹாலிகர்னாசஸ் துருக்கியில் இருக்கிறது. அங்கே அவருக்குப் பூசை வைக்க ஒரு கோயிலும் கிடையாது, கேட்க ஒரு ஆளும் கிடையாது. அதனால் கையில் நிறைய நேரம் இருந்தது, புரோக்கர் வேலைக்கு வந்துவிட்டார்.

ஒப்பந்தம் என்ன? மைசூர் குதிரைப்படை வந்து ஆங்கிலேயரை விரட்ட வேண்டும், புதுச்சேரிக்கு மாடும் அரிசியும் கொண்டுவர வேண்டும். அதற்கு அட்வான்ஸ் தியாகதுருகம், எலவனாசூர் இரண்டு கோட்டையும். வேலை முடிந்ததும் மிச்சம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி. லாலி கையில் அந்த மூன்று ஊரும் இல்லை. இல்லாத நிலத்துக்கு அக்ரிமென்ட் போடுவது நம்ம ரியல் எஸ்டேட்காரர்கள் கண்டுபிடித்தது என்று இனிமேல் யாரும் சொல்லக்கூடாது.

மைசூர்க்காரர்கள் 1760-இல் வந்தார்கள். ஜூலையில் பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவதிகையில் மேஜர் மூர் என்பவரின் ஆங்கிலேயப் படையை நன்றாகவே சாத்தினார்கள். கொஞ்சம் மாடும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குள் சீரங்கப்பட்டணத்தில் ஹைதருக்கே ஆபத்து. அவர் வளர்த்துவிட்ட கண்டேராவ் என்ற ஆள், அவருக்கே குழி வெட்டிவிட்டார். படையைத் திரும்பக் கூப்பிட்டார் ஹைதர். போகும்போது தியாகதுருகத்தைப் பிரெஞ்சுக்காரரிடமே விட்டுவிட்டுப் போனார்கள். அட்வான்ஸ் திரும்பக் கிடைத்தது. நம்ம சரித்திரத்தில் அபூர்வமான சம்பவம் இது, குறித்து வையுங்கள்.

இப்போது புதுச்சேரியை அயர் கூட் சுற்றி வளைத்துவிட்டார். உள்ளே இருக்கிறவர்களுக்கு வெளியிலிருந்து சோறு வர வேண்டுமென்றால் செஞ்சியிலிருந்தும் தியாகதுருகத்திலிருந்தும்தான் வர வேண்டும். ஆகவே மேஜர் பிரெஸ்டன் என்பவரைத் தியாகதுருகத்துக்கு அனுப்பினார்கள். அவர் சீசர் இல்லை. சுரங்கம், கோபுரம் என்று ஒன்றும் மெனக்கெடவில்லை. அடிவாரத்தைச் சுற்றிக் கூடாரம் அடித்தார், வழியை அடைத்தார், அவ்வப்போது பீரங்கியால் தட்டினார், காத்திருந்தார்.

முற்றுகை கார்த்திகையில் தொடங்கியிருக்கிறது. அந்த மாதம் கள்ளக்குறிச்சிப் பக்கம் எப்படி இருக்கும் என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். மழை விட்டிருக்கும். சுனையெல்லாம் நிரம்பியிருக்கும். அதனால் உக்ஸெல்லோதூனம் வைத்தியம் இங்கே செல்லாது, தண்ணீர் இருந்தது. ஆனால் மார்கழிப் பனி இருக்கிறதே, கல்மலை உச்சியில் அது சும்மா விடாது. பகலெல்லாம் சூட்டை வாங்கிக்கொண்ட பாறை, விடியற்காலையில் ஐஸ் கட்டியாகக் கிடக்கும். அந்தப் பாறையில் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ரொட்டியும் திராட்சை மதுவும் நினைத்துக்கொண்டு, கேழ்வரகுக் களியைப் பார்த்தபடி ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். கீழே வயலில் அறுப்பு நடக்கிறது. பொங்கல் வந்துபோகிறது. சர்க்கரைப் பொங்கல் வாசனை மலையேறி வருகிறது. பீரங்கியைவிட அதுதான் அதிகம் சுட்டிருக்கும்.

புதுச்சேரியில் நிலைமை இன்னும் மோசம். 1761 புத்தாண்டன்று ஒரு புயல் வந்து ஆங்கிலேயக் கப்பல்களை அடித்து நொறுக்கியது. சாமி நம் பக்கம் என்று உள்ளே கொண்டாடினார்கள். நாலு நாளில் மிச்சக் கப்பல்கள் திரும்ப வந்து நின்றன. ஊருக்குள் யானையைத் தின்றார்கள், ஒட்டகத்தைத் தின்றார்கள், நாய்க்கறி 24 ரூபாய்க்கு விலைபோனது என்று ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து 24 ரூபாய்! ஜனவரி 16-இல் லாலி கதவைத் திறந்துவிட்டார்.

தலைமை ஆபீஸ் பூட்டியாகிவிட்டது. கிளை ஆபீசுக்கு யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் நம்பவில்லையா, தியாகதுருகத்து முசியே அசையவில்லை. கடலுக்கும் இந்த மலைக்கும் நடுவில் சுமார் 100 கிலோமீட்டர். தலைநகரம் விழுந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் இங்கே கொடி பறந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில், 65 நாள் ஆனபிறகு, பிரெஸ்டனிடம் சாவியைக் கொடுத்தார்கள். செஞ்சி இன்னும் பிடிவாதம், ஏப்ரலில்தான் இறங்கியது. ஆஸ்டரிக்ஸ் கிராமம் போல அடங்காமல் கடைசிவரை நின்ற பிரெஞ்சு இடங்கள் என்று பார்த்தால் தியாகதுருகத்துக்கும் ஒரு பெஞ்சு போடத்தான் வேண்டும்.

பிரெஞ்சுக்காரரைப் பார்த்து ரொம்பவும் உருகிவிடாதீர்கள். 1758-இல் லாலி கடலூர் பக்கம் படையெடுத்தபோது வண்டிமாடு போதவில்லை. அகப்பட்டவர்களை எல்லாம், சாதி பார்க்காமல், சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் பிடித்தார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் சமம். பிறகு புதுச்சேரிக்கு அரிசி வராமல் போனபோது, ஏன் இந்த ஜனங்கள் உதவிக்கு வரவில்லை என்று அவருக்குப் புரியவே இல்லையாம்.

தோற்ற தலைவர்கள் என்ன ஆனார்கள்? வெர்சிங்கெடோரிக்ஸை ரோமாபுரிக்குக் கொண்டுபோய் ஆறு வருஷம் சிறையில் வைத்து, ஊர்வலம் காட்டி, கொன்றார்கள். லாலி கதை இன்னும் விசேஷம். கைதியாக இங்கிலாந்துக்குப் போனவர், பிரான்சில் தன்மேல் புகார் என்று கேள்விப்பட்டு, "நானே வந்து பதில் சொல்கிறேன்" என்று வலியப் போனார். பாஸ்டில் சிறையில் போட்டார்கள். 1766 மே மாதம், பேசிவிடக்கூடாது என்று வாயை அடைத்து, தலையை வெட்டினார்கள். அவருடைய மகனும் எழுத்தாளர் வால்டேரும் விடாமல் போராடியதில் 1778-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. தீர்ப்பு திரும்ப வந்தது, தலை வரவில்லை. நம்ம ஊர் மேல்முறையீடுகளோடு ஒப்பிட்டால் 12 வருஷம் விரைவுதான்.

கோட்டை ஆங்கிலேயர் கையில் கொஞ்ச காலம் இருந்தது. இரண்டாவது மைசூர்ப் போரில் ஹைதர் வந்து எடுத்துக்கொண்டார். 1784-இல் மங்களூர் உடன்படிக்கையோடு திரும்பவும் ஆங்கிலேயரிடம். இந்த மாற்றல் உத்தரவுகளில் ஊர்க்காரர்களைக் கலந்து பேசியதாக ஒரு காகிதமும் கிடையாது. அவர்களுக்கு எல்லாக் கொடியும் ஒன்றுதான், வரி கேட்கிற வாய் மட்டும் மாறும்.

1790-இல் திப்பு வந்தபோது கோட்டையில் இருந்தவர் கேப்டன் பிளின்ட். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு நாடகம் போடலாம். 1780-இல் லெப்டினன்டாக 100 பேரோடு வந்தவாசிக்குப் போனார். அங்கிருந்த கில்லேதார், ஹைதரிடம் கோட்டையை ஒப்படைக்க ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். "நவாப் கடுதாசி கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கிட்டே போய், ஆளை அமுக்கிவிட்டார் பிளின்ட். உள்ளே பீரங்கி உண்டு, வைத்துச் சுட வண்டி இல்லை, மருந்து போதாது, சுடத் தெரிந்த ஆள் ஒருத்தர்கூட இல்லை. வண்டியை மரத்தில் செய்தார். வெடிமருந்தை அங்கேயே அரைத்தார். சுடுவதற்கு ஊரிலிருந்த தட்டார்களைப் பிடித்துப் பழக்கினார். மூக்குத்திக்குக் கல் வைத்த கையால் பீரங்கிக்குக் குறி வைத்தார்கள். ஹைதரின் படையை ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே நிறுத்தினார்கள். இத்தனைக்கும் பத்து வருஷம் கழித்து அவர் கேப்டன்தான். அரசாங்க உத்தியோகத்தில் திறமைசாலிக்கு ஆகிற கதி அன்றைக்கும் அதுதான்.

அவர் பெயரைக் கேட்டுத்தானோ என்னவோ, சுற்றுவட்டாரத்து ஜனங்கள் நகையும் நட்டுமாக, பெட்டி பேழையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரப் பேட்டைக்குள் வந்து அடைந்தார்கள். பேட்டையின் மதில் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் மலைமேல் பீரங்கிகளுக்கு அது நேர் கீழே இருந்தது. திப்பு அந்தப் பேட்டையைக் குறிவைத்து இரண்டு தடவை பாய்ந்தார். இரண்டு தடவையும் நல்ல சேதம். மூன்றாவது தடவைக்கு நிற்கவில்லை, திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். அந்த ஊருக்குப் பிளின்ட் இல்லை, பாவம். அங்கிருந்து திப்பு புதுச்சேரிப் பக்கம் போய் பிரெஞ்சு ராஜாவிடம் படை கேட்டு ஆளனுப்பினார். பதினாறாம் லூயி கைவிரித்துவிட்டார். அவரே பாரிசில் தன் சொந்த ஜனங்களிடம் முற்றுகையில் இருந்தார்.

முற்றுகை என்பது நம்ம நாட்டுக்கு அதற்கும் முந்தின சங்கதி. பாரி வள்ளலின் பறம்பு மலையை மூவேந்தரும் சேர்ந்து வளைத்துக்கொண்டு நின்றபோது, கிளிகளைப் பழக்கி நெற்கதிர் கொண்டுவரச் செய்து புலவர் கபிலர் சமாளித்தார் என்பார்கள். பாரி போனபிறகு அவர் வந்து உயிர்விட்ட கபிலக்கல், நம்ம திருக்கோவிலூர்ப் பெண்ணையாற்றில்தான் நிற்கிறது. லாலியிடம் ஒரு பிஷப் இருந்தார், கிளி இல்லை.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். துருப்பிடித்த பீரங்கியின் மேல் ஒரு வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வைத்திருந்தது. இதுவரை இந்தக் கோட்டையைப் பிடித்தவர்களில் வாடகை கேட்காதது அது ஒன்றுதான். மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அக்கா மகனைப் பார்த்து, "என்னாப்பா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்று சிரித்து, இடுப்பிலிருந்த தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். பையன் குடித்து முடித்துத்தான் ஊரைப் பார்த்தான்.

"அது என்ன மலை மாமா, அந்த நீலமா தெரியுறது?"

கல்வராயன் மலை. கீழே நவாப்பும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூர்க்காரரும் முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஒற்றைக் கல்லுக்காக அடித்துக்கொண்டபோது, பக்கத்திலேயே 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடந்த அந்த மலையை முற்றுகையிட ஒருத்தரும் மெனக்கெடவில்லை. சாமை, தினை, கடுக்காய், புளி, தேன், கூடவே குளிர்காய்ச்சல். எந்தக் கம்பெனிக்கு இதில் லாபம்? சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்கள் பரம்பரையாக ஆண்டுகொண்டிருந்தார்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த செப்பேடு என்பார்கள்.

"அப்ப அதுதான் மாமா நெஜமான ஆஸ்டரிக்ஸ் கிராமம்!"

அவனுக்கு நான் மீதியைச் சொல்ல வேண்டியதாயிற்று. மேலே வெளியாள் வராவிட்டாலும், மலையாளிப் பழங்குடி ஜனங்கள் ஜாகிர்தாருக்கு ஏருக்கு வரி கொடுத்தார்கள், அவர் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள். 1947 ஆகஸ்ட் 15-இல் டெல்லியில் கொடி ஏறியது, கச்சிராயபாளையத்துக்கு மேலே அந்தச் செய்தி ஏறவில்லை. ஜமீன்கள் ஒழிந்தன, அந்த மலை மட்டும் ஒழியவில்லை. 1963-இல் ஒரு சட்டம் வந்தது, ஜாகிர்தார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், எல்லாம் முடியப் பதிமூன்று வருஷம் ஆனது. பிரெஸ்டன் தியாகதுருகத்தை 65 நாளில் முடித்த வேலைக்கு, நம்ம வக்கீல்களுக்குப் பதிமூன்று வருஷம்.

கடைசியில் கல்வராயன் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்து, அங்கே இருந்தவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்த நாள் 1976 ஜூன் 25. இந்தியா முழுவதும் எமர்ஜென்சி அறிவித்து அன்றைக்குச் சரியாக ஒரு வருஷம்.